வேகமும் திசைவேகமும்: தொகையை விரித்தால் வரையறை

தமிழாசிரியன் ஒருவன் இயற்பியல் குறித்து எழுதப் புகுவது எல்லை கடந்த செயலன்றோ என்று சிலர் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. எனினும் என்னை இக்கட்டுரைக்கு இழுத்து வந்தவர் ஓர் இயற்பியல் மாணவர். அவர் கொண்டுவந்த ஐயம் இயற்பியலுக்கு மட்டும் உரியதன்று. தமிழுக்கும் உரியது என்பதை எடுத்துரைப்பதே இதன் நோக்கம்.

ஒரு மாணவரின் ஐயம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகலில் முதலாமாண்டு இயற்பியல் மாணவர் ஒருவர் தமிழ்த்துறைக்கு வந்தார். சிற்றூரில் பிறந்தவர், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் பயின்றவர். அவர் கையில் ஆங்கில-தமிழ் அகராதி ஒன்று இருந்தது.

“ஐயா, ‘ஸ்பீடு’ என்றாலும் வேகம், ‘வெலாசிட்டி’ என்றாலும் வேகம் என்றே இந்த அகராதி கூறுகிறது. வகுப்பிலோ இரண்டும் வெவ்வேறு என்கிறார்கள். தேர்வில் வேறுபாடு கேட்டிருந்தார்கள். மனப்பாடம் செய்ததை எழுதினேன், பாதியில் மறந்துவிட்டது” என்றார்.

“தம்பி, பள்ளியில் திசைவேகம் என்று ஒரு பாடம் படித்ததில்லையா?” என்று கேட்டேன்.

“படித்திருக்கிறேன் ஐயா” என்றவர், சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அதுவும் இதுவும் ஒன்றுதானா?” என்றார்.

அந்த வினா என் நெஞ்சில் தைத்தது. தாம் ஏற்கெனவே அறிந்திருந்த ஒன்றையே அறியாதவராக அம்மாணவர் ஒரு பருவம் முழுவதும் அல்லலுற்றிருக்கிறார். கல்லூரி வாயிலில் நுழைந்தபோது, பள்ளியில் தமிழில் கற்ற அறிவியல் அனைத்தையும் வெளியே இறக்கி வைத்துவிட்டு வர வேண்டும் என்று அவர் எண்ணிக்கொண்டார். அவ்வாறு எண்ணும்படி நாம் விட்டுவிட்டோம்.

வேறுபாடு யாது?

ஒரு பொருள் குறிப்பிட்ட காலத்தில் எவ்வளவு தொலைவு கடந்தது என்பதைக் கூறுவது வேகம். அப்பொருள் குறிப்பிட்ட காலத்தில் தன் இடத்தினின்று எத்திசையில், எவ்வளவு பெயர்ந்தது என்பதைக் கூறுவது திசைவேகம். முன்னதற்கு அளவு ஒன்றே போதும். பின்னதற்கு அளவும் வேண்டும், திசையும் வேண்டும். இயற்பியலார் முன்னதை ஸ்கேலர் அளவு என்றும், பின்னதை வெக்டர் அளவு என்றும் வகைப்படுத்துவர்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒருவர் ஒரு மணி நேரத்தில் கிழக்கே 4 கிலோமீட்டரும், பின்னர் வடக்கே 3 கிலோமீட்டரும் நடக்கிறார் எனக் கொள்வோம். அவர் நடந்த தொலைவு 7 கிலோமீட்டர். எனவே அவருடைய சராசரி வேகம் மணிக்கு 7 கிலோமீட்டர். ஆனால் புறப்பட்ட இடத்திற்கும் சேர்ந்த இடத்திற்கும் இடையே நேர்க்கோடு வரைந்தால் அதன் நீளம் 5 கிலோமீட்டரே. ஆகவே அவருடைய சராசரித் திசைவேகம் வடகிழக்குப் பாங்கில் மணிக்கு 5 கிலோமீட்டர்.

இன்னும் வியப்பான ஒன்றைக் காண்போம். நம் கல்லூரி மைதானத்தில் ஒரு மாணவர் 400 மீட்டர் ஓடுதளத்தை 50 நொடியில் ஒரு முறை முழுமையாகச் சுற்றி வருகிறார். அவருடைய சராசரி வேகம் நொடிக்கு 8 மீட்டர். கைதட்டிப் பாராட்டத் தக்க வேகம்! ஆயின் புறப்பட்ட இடத்திற்கே அவர் திரும்பிவிட்டமையால் இடப்பெயர்ச்சி சுழி. எனவே அவருடைய சராசரித் திசைவேகமும் சுழியே.

பேருந்து ஓட்டுநரின் முன்னுள்ள வேகமானியை நோக்குக. முள் 60ஐக் காட்டுகிறது. பேருந்து மதுரை நோக்கிச் செல்கிறதா, மதுரையை விட்டுச் செல்கிறதா என்பதை அம்முள் அறியாது. அது வேகத்தை மட்டுமே கூறும். திசையைப் பயணிதான் பெயர்ப்பலகையில் பார்த்துக்கொள்ள வேண்டும்!

வட்டப்பாதை உணர்த்தும் உண்மை

இவ்வேறுபாடு தேர்வில் இரண்டு மதிப்பெண் பெறுதற்கென்று வகுக்கப்பட்ட வெற்றுப் பாகுபாடு என்று கருதுவோர் உண்டு. அஃது உண்மையன்று. இயக்கவியல் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

நூலில் கட்டிய கல்லை ஒரே சீராகச் சுழற்றும்போது அதன் வேகம் மாறுவதில்லை. ஆயினும் அதன் திசை ஒவ்வொரு கணமும் மாறுகிறது. திசை மாறினால் திசைவேகம் மாறிற்று என்பதே பொருள். திசைவேகம் மாறினால் அங்கே முடுக்கம் உண்டு. முடுக்கம் உண்டெனில் அதனை விளைவிக்கும் விசை உண்டு. கையை உள்நோக்கி இழுத்துக் கொண்டே இருந்தாலன்றிக் கல் சுழலாது என்பதை அனுபவத்தில் யாவரும் அறிவர். நூல் அறுந்தால் கல் அக்கணத்தில் எத்திசையில் சென்றதோ அத்திசையிலேயே நேர்க்கோட்டில் பறந்துவிடும்.

நியூட்டன் 1687இல் வெளியிட்ட ‘பிரின்சிப்பியா’ என்னும் நூலில் இக்கருத்தையே விண்ணுக்கு விரித்தார். நிலவு புவியைச் சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேகத்தில் சுற்றி வருகிறது. அதன் வேகத்தில் பெரிய மாற்றமில்லை. திசையோ ஓயாது மாறுகிறது. மாற்றுவது எது? புவியின் ஈர்ப்பு விசை. வேகம் ஒன்றை மட்டுமே அறிந்தவனுக்கு நிலவின் இயக்கத்தில் விளக்கம் தேட வேண்டிய செய்தியே இல்லை. திசைவேகத்தை அறிந்தவனுக்கோ அங்கே அண்டத்தை ஆளும் விதி ஒன்று புலப்படுகிறது.

நம் நாட்டின் அண்மைக்கால வெற்றியும் இதற்குச் சான்று பகரும். 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள் சந்திரயான்-3 திட்டத்தின் விக்ரம் தரையிறங்கு கலம் நிலவின் தென்துருவப் பகுதிக்கு அருகே இறங்கிற்று. இறங்கத் தொடங்கியபோது அது ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு ஏறத்தாழ 1.68 கிலோமீட்டர் வேகத்தில், நிலவின் தரைக்கு இணையாகக் கிடைமட்டமாகச் சென்றுகொண்டிருந்தது. வேகத்தைக் குறைப்பது மட்டும் அறிவியலாளர் எதிர்கொண்ட பணியன்று. கிடைமட்டமாகச் செல்லும் கலத்தைச் செங்குத்தாக இறங்கும் நிலைக்குத் திருப்புவதும் அவர்தம் பணியாக இருந்தது. அளவையும் மாற்ற வேண்டும். திசையையும் மாற்ற வேண்டும். அப்பணியைச் சில மணித்துளிகளில், மனிதக் கை தொடாமல், கலம் தானே செய்து முடித்தது. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். 2008இல் ஏவப்பட்ட சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை தமிழ்வழிப் பள்ளியில் பயின்றவர். தமிழில் அறிவியல் பயின்றவன் பின்தங்கி விடுவான் என்று அஞ்சும் பெற்றோர் இதனை நினைவில் இருத்துதல் நலம்.

சொல்லின் உள்ளே ஒரு வரையறை

இனி என் துறைக்கு வருகிறேன். ‘வெலாசிட்டி’ என்னும் சொல் விரைவு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. அதில் திசை என்னும் பொருள் எள்ளளவும் இல்லை. ‘ஸ்பீடு’ என்பதோ பழைய ஆங்கிலத்தில் வெற்றி, செழிப்பு என்னும் பொருளில் வழங்கிப் பின்னரே விரைவைக் குறிக்கலாயிற்று. ஆக, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவனுக்கும் இவ்விரு சொற்களின் வேறுபாடு சொல்லைப் பார்த்த அளவில் விளங்காது. ஆசிரியர் கூறினால் அவன் மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டியதுதான்.

தமிழில் நிலைமை வேறு. ‘திசைவேகம்’ என்பது ஒரு தொகைச்சொல். விரித்தால் ‘திசையொடு கூடிய வேகம்’ என்றாகும். ‘ஒடு’ என்னும் உருபும் ‘கூடிய’ என்னும் பயனும் மறைந்து நிற்றலால் இது மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. இலக்கண ஆசிரியன் தொகையை விரித்த இடத்திலேயே இயற்பியலாசிரியனின் வரையறையும் வந்து முடிகிறது! மாணவர் மனப்பாடம் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. சொல்லே பாடம்.

தமிழ் மனம் இவ்வேறுபாட்டை இயற்பியல் வரும் முன்பே உணர்ந்திருந்தது என்பதற்குக் காற்றின் பெயர்களே சான்று. தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. காற்றுக்குப் பெயரிட்டவர்கள் அது வரும் திசையை முதன்மையாகக் கொண்டனர். கடலோடிக்குக் காற்றின் வேகம் மட்டும் தெரிந்து பயனில்லை. தென்மேற்குப் பருவக்காற்றைத் துணைக்கொண்டு மேலைக் கடற்கரைக்கு வந்து, வடகிழக்குப் பருவக்காற்றில் திரும்பிய அரபு வணிகர்கள் இதனை நன்கறிவர். பருவம் என்னும் பொருளுடைய ‘மவ்சிம்’ என்ற அவர்தம் சொல்லே ஐரோப்பியர் நாவில் ‘மான்சூன்’ ஆயிற்று.

ஈண்டு ஒரு நுட்பத்தையும் மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். காற்றின் பெயர் அது வரும் திசையைக் குறிப்பது. இயற்பியலின் திசைவேகமோ அது செல்லும் திசையைக் குறிப்பது. ஆகவே வடக்கிலிருந்து வரும் வாடையின் திசைவேகம் தெற்கு நோக்கியதாகும்.

தமிழ்ச்சொல் சில வேளை ஆங்கிலச் சொல்லின் பிழையையும் திருத்த வல்லது. புவியீர்ப்பினின்று ஒரு பொருள் மீள்வதற்கு நொடிக்கு 11.2 கிலோமீட்டர் தேவை. இதனை ஆங்கிலத்தில் வழக்கமாக ‘எஸ்கேப் வெலாசிட்டி’ என்பர். ஆனால் காற்றின் தடையையும் புவியின் சுழற்சியையும் ஒதுக்கிவிட்டால், தரையில் மோதாத எந்தத் திசையில் அப்பொருளை எறிந்தாலும் இவ்வளவு போதும். இங்கே திசைக்கு இடமில்லை. தமிழில் ‘விடுபடு திசைவேகம்’, ‘விடுபடு வேகம்’ என இரு வழக்குகள் உள. ஆங்கிலச் சொல்லுக்குச் சொல் வைத்தவர் முன்னதைக் கொள்வர். பொருளை நோக்கியவர் பின்னதைக் கொள்வர். பின்னதே சரியானது என்பது என் கருத்து. கலைச்சொல் ஆக்கம் பெயர்த்தெழுதும் வேலையன்று, சிந்திக்கும் வேலை என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

இரு கரை, இரு வழக்கு

தமிழின் சிறப்பைக் கூறிய அதே நாவால் நம் குறையையும் கூறுதல் வேண்டும். இலங்கையில் பள்ளிக் கல்வி முடியும் வரை, உயர்தர வகுப்பின் இயற்பியல் உட்பட, மாணவர்கள் தமிழிலேயே பயின்று தமிழிலேயே தேர்வு எழுதுகின்றனர். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் காத்தான்குடியிலும் இதுவே நடைமுறை. ஆனால் அங்கே வழங்கும் கலைச்சொற்கள் வேறு. நாம் வேகம் என்பதை அவர்கள் ‘கதி’ என்பர். நாம் திசைவேகம் என்பதை அவர்கள் ‘வேகம்’ என்பர். நாம் முடுக்கம் என்பது அவர்களுக்கு ‘ஆர்முடுகல்’. வெக்டர் அளவு அவர்களுக்குக் ‘காவிக் கணியம்’. வெக்டர் என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சுமந்து செல்வது என்பதே பொருளாதலின், காவுதல் என்னும் வினையடியாக அவர்கள் ஆக்கிய சொல் அழகியதே.

சொற்கள் வேறுபடுவதில் பெருந்தீங்கில்லை. ஒரே சொல் இரு கரையிலும் இரு பொருள் தருவதுதான் தீங்கு. ‘வட்டப்பாதையில் ஒரு பொருள் மாறாத வேகத்துடன் செல்ல இயலும்’ என்னும் தொடரை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பாடநூலின்படி இது சரி. இலங்கைப் பாடநூலின்படி இது தவறு. இருவரும் இயற்பியலில் பிழை செய்யவில்லை. சொல் ஒன்றாகிப் பொருள் இரண்டானதே காரணம். ஒரு கரையின் நூலை மறுகரை மாணவர் எடுத்துப் படித்தால் தடுமாறாமல் என் செய்வார்?

இத்துறையில் முன்னோர் உழைப்பு சிறிதன்று. அமெரிக்க மருத்துவரான சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலேயே யாழ்ப்பாணத்தில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து நூல்களும் ஆக்கினார். சேலத்தில் 1916இல் இராசாசி முதலியோர் அறிவியல் கலைச்சொற்களுக்கெனவே ஒரு சங்கம் கண்டு இதழும் நடத்தினர். பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து உருவாக்கிய கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. 2017இல் மறைந்த மணவை முஸ்தபா ‘யுனெஸ்கோ கூரியர்’ இதழின் தமிழ்ப் பதிப்பை நடத்தியும், கலைச்சொல் அகராதிகளைத் தொகுத்தும் தம் வாழ்நாளை இப்பணிக்கே ஈந்தார். இவர்கள் சொற்களைத் தந்துவிட்டனர். அச்சொற்களை வகுப்பறையில் உயிர்ப்பிக்கும் பொறுப்பு நம்முடையது.

மறுப்புகளும் விடைகளும்

“உயர் அறிவியல் ஆங்கிலத்தில்தானே உள்ளது? தமிழ்ச்சொல் எதற்கு?” என்று கேட்பார் உளர். ஆய்விதழ்களும் உயர்நூல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பது உண்மை. நம் மாணவர்கள் ஆங்கிலத்தைச் செம்மையாகக் கற்றே ஆக வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆயின் தெரிந்த பொருளுக்குப் புதிய பெயரைக் கற்பது எளிது. தெரியாத பொருளுக்குப் புரியாத பெயரைக் கற்பதுதான் அரிது. திசைவேகம் என்னும் கருத்தை உணர்ந்தவருக்கு ‘வெலாசிட்டி’ என்பது மற்றுமொரு பெயர். உணராதவருக்கு அது வெறும் ஒலி.

அறிவியல் ஒரு மொழியிலேயே பிறந்து ஒரு மொழியிலேயே தங்கியதும் இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் போன்றோர் கிரேக்க நூல்களை அரபு மொழியில் பெயர்த்தபோது, அதற்குரிய சொற்களையும் ஆக்கிக்கொண்டனர். அவ்வாறு வளம்பெற்ற மொழியிலேயே இப்னுல் ஹைதம் தம் ஒளியியல் நூலை எழுதினார். ஒளி தெறித்து மீள்வதை விளக்க, அதன் இயக்கத்தைப் பரப்புக்குச் செங்குத்தான கூறு, இணையான கூறு என அவர் இரண்டாகப் பகுத்து நோக்கினார். திசையைக் கணக்கிற் கொண்டு இயக்கத்தைக் கூறுபடுத்தும் இம்முறையை இன்று நம் மாணவர்கள் முதலாண்டிலேயே கற்கின்றனர். பின்னர் அந்நூல் இலத்தீனுக்குச் சென்றது. மொழி மாறியதால் அறிவு தேயவில்லை, வளர்ந்தது.

“தமிழில் கற்ற அம்மாணவருக்கே விளங்கவில்லையே, அப்படியிருக்கத் தமிழால் என்ன பயன்?” என்பது இரண்டாவது மறுப்பு. இதுவே வலிமையான மறுப்பு. இதற்கு நான் தலைகுனிந்துதான் விடை கூற வேண்டும். அம்மாணவர் பள்ளியில் திசைவேகத்தையும் மனப்பாடமே செய்திருந்தார். சொல்லுக்குள் வரையறை இருந்தது. அதனைத் திறந்து காட்டுவார் இல்லை. தமிழ் வகுப்பில் நாங்கள் பொற்குடத்தையும் பாற்குடத்தையும் காட்டித் தொகை கற்பித்தோம். அறிவியல் வகுப்பில் அவர்கள் திசைவேகத்தை எழுதிப் போட்டார்கள். இரண்டு வகுப்பும் அடுத்தடுத்த அறையில் நடந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

செய்யத்தக்கன

குறை கூறி அமைதல் அறிஞர்க்கு அழகன்று. எளிதில் இயல்வன மூன்றைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

முதலாவது, தமிழ்த்துறையினராகிய நாங்கள் இலக்கண வகுப்பில் அறிவியல் சொற்களையும் எடுத்துக்காட்டாகக் கொள்ள வேண்டும். திசைவேகம் மூன்றாம் வேற்றுமைத் தொகைக்கு ஆகும். மின்னோட்டம் ஆறாம் வேற்றுமைத் தொகைக்கு ஆகும். விடுபடு வேகம் வினைத்தொகைக்கு ஆகும். பொற்குடம் இருக்கட்டும், அதனருகே இவையும் இருக்கட்டும்.

இரண்டாவது, அறிவியல் துறை ஆசிரியப் பெருமக்கள் முதலாண்டின் முதல் மாதத்தில் ஆங்கிலக் கலைச்சொல்லுக்கு அருகே தமிழ்ச்சொல்லையும் கரும்பலகையில் எழுத வேண்டும். பாடம் ஆங்கிலத்தில் நடக்கலாம். தேர்வும் ஆங்கிலத்தில் நடக்கலாம். அந்த ஒரு சொல் மட்டும், சிற்றூரிலிருந்து வந்த மாணவருக்கு அவர் கற்றது வீண்போகவில்லை என்று உணர்த்தும்.

மூன்றாவது, தமிழ்த்துறையும் இயற்பியல் துறையும் இணைந்து ஒரு சிறு கையேடு தொகுத்தல் வேண்டும். ஆங்கிலச் சொல், தமிழ்நாட்டு வழக்கு, இலங்கை வழக்கு, தொகையின் விரி, வரையறை என ஐந்து பத்திகள் போதும். நூறு சொற்களில் தொடங்கலாம். அச்சிடும் செலவைச் சமுதாயப் பெரியோர்கள் ஏற்பார்களாயின், அது கட்டடத்திற்குக் கல் அளிப்பதினும் குறைந்த கொடையாகாது.

அன்று என்னைக் காண வந்த மாணவரிடம் ஒரு தாளைத் தந்து, திசைவேகம் என்பதை எழுதி விரிக்கச் சொன்னேன். ‘திசையொடு கூடிய வேகம்’ என்று எழுதினார். எழுதியதைத் தாமே ஒருமுறை உரக்கப் படித்தார். பிறகு அதன் கீழே, யாரும் கேளாமலே, ஆங்கிலத்தில் வரையறையை முழுமையாக எழுதி முடித்தார். இம்முறை அவர் எதையும் மறக்கவில்லை.